கிளன்வாராவுக்கு பஸ் கொண்டுவந்த நெவென்கா

நெவென்கா யுரிஷிச் அயர்லாந்தின் உட்பகுதியில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காளான் பண்ணையின் வேன் அவளை என் ஹார்டுவேர் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. மழை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு பெட்டி, முதுகில் ஒரு பை, தலையில் பச்சைக் கம்பளித் தொப்பி. கடையின் மாடியறையைப் பண்ணைக்காரர்கள் அவளுக்காக வாடகைக்குப் பேசியிருந்தார்கள். நான் சாவியோடு வெளியே வந்தபோது அவள் தெருவின் இந்த முனையையும் அந்த முனையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜனவரி மழையில் நின்றுகொண்டு சிரிக்கிற ஆளை நான் அதுவரை கிளன்வாராவில் பார்த்ததில்லை.

வணக்கம்கூடச் சொல்லவில்லை. முதல் கேள்வியே, “பஸ் எங்க நிக்கும்?” என்பதுதான்.

இங்கே பஸ் கிடையாது என்றேன். தன் காதில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி கேட்டாள். ஒன்பது வருடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள், ஏற ஆள் இல்லை என்று விளக்கினேன். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். குளிர் மண்டைக்குள் இறங்கிவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்து, அன்றைக்குக் கணப்பில் இரண்டு கட்டை கூடுதலாகப் போட்டுக் கொடுத்தேன்.

ஏன் சிரித்தாள் என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அவளுடைய ஆங்கிலமும் என் காதும் ஒன்றுக்கொன்று பழகியிருந்தன.

அவள் குரோஷியாவின் கிழக்கே, ஸ்லாவோனியா என்ற சமவெளிப் பகுதியில் பிறந்தவள். பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவள். ஐம்பது பேர் உட்காரும் வண்டி. சந்தை நாளில் எழுபது பேர் ஏறுவார்கள். நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு இளம் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஜெர்மனிக்கு, ஆஸ்திரியாவுக்கு, அயர்லாந்துக்கு. எல்லோரும் அவள் பஸ்ஸில்தான் பெட்டியோடு ஏறி ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். தன் பயணிகளைத் தானே ஏற்றிக் கொண்டுபோய்த் தொலைத்ததாக அவள் சொல்லுவாள். எழுபது நாற்பதாகி, நாற்பது ஆறாகி, கடைசியில் அந்த வழித்தடத்தையே மூடிவிட்டார்கள். வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வெளியே வந்த அவளுக்கு நாற்பத்து நான்கு வயது.

கணவன் வெகுகாலம் முன்பே இன்னொருத்தியோடு போய்விட்டான். அதைப் பற்றி அவள் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசியதில்லை. மகள் துன்யா மியூனிக்கில் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். மகள் வீட்டு சோபாவில் படுத்துக் கிடக்கத் தனக்கு இன்னும் வயசாகவில்லை என்று நெவென்கா மறுத்துவிட்டாள். அயர்லாந்தில் காளான் பறிக்க ஆள் தேவை என்று ஒரு ஏஜென்ட் சொன்னான். எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.

“ஏர்போர்ட்ல எல்லாரும் அழுறாங்க ஃபின்டன். எனக்கு ஒரே வெக்கம். என்னால சிரிப்ப அடக்கவே முடியல. நாப்பத்து நாலு வயசுல முதல் தடவை விமானம். யாரோ ஓட்டுறாங்க, நான் ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கேன்.”

அப்படிப்பட்டவள், பஸ் இல்லாத ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

காளான் பண்ணை ஊருக்கு வெளியே மூன்று மைல். அவள் நடந்தே போவாள். முதல் வாரம் ஒரு நாள் என் கடைக்குள் வந்து, இந்த ஊரில் தன்மேல் ஏதாவது புகார் இருக்கிறதா என்று கேட்டாள். எதிரே வருகிற ஒவ்வொரு கார்க்காரனும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுகிறானாம். அது இங்கே வணக்கம் என்றேன். தெரிந்தவனுக்கு மட்டுமா என்றாள். எல்லோருக்கும் என்றேன். அவள் முகம் மலர்ந்ததே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மறுநாளிலிருந்து அவள் ஒற்றை விரலோடு நிற்கவில்லை; கையையே தூக்கி ஆட்டினாள். ஒரு வாரத்தில் பண்ணைச் சாலையில் போகிற அத்தனை டிராக்டர்காரர்களுக்கும் அவளைத் தெரிந்துவிட்டது. மழை பெய்தால் யாராவது நிறுத்தி ஏற்றிக்கொண்டார்கள். ஏறிய நொடியிலிருந்து அவள் அந்த வண்டியின் கிளட்ச் எப்படி, டயர் எப்படி என்று விசாரிப்பாள். வளைவில் இரண்டாவது கியருக்கு மாற்றாததற்காக எங்கள் பாதிரியாரையே கண்டித்திருக்கிறாள்.

பண்ணை வேலை கஷ்டம்தான். ஆறு அடுக்குத் தட்டுகள், நாள் முழுக்கக் குனிந்தும் எம்பியும் காளானைத் திருகித் திருகி எடுக்க வேண்டும். அதைப் பற்றி அவள் குறைபட்டுக்கொண்டதில்லை. ஆனால் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, “காளான் பேசாது ஃபின்டன். பயணி பேசுவான்” என்றாள்.

மே மாதம் எங்கள் பங்கிலிருந்து, இரண்டு மணி நேரத் தொலைவில் நாக் என்ற ஊரில் இருக்கும் மாதா கோயிலுக்கு வருடாந்திரப் பயணம். இதை நடத்துகிறவர் ஃபிலோமினா டார்ப்பி. பங்கு மண்டபத்தின் சாவி, பீடத்துக்குப் பூ வைக்கும் மலர்க் குழுவின் கணக்கு, ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை என்ற பட்டியல் எல்லாம் அவரிடம்தான். எழுபது வயது, ஐந்தடி உயரம், நான் இன்றைக்கும் அவரைக் கண்டால் தொப்பியைக் கழற்றிவிடுவேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, பண்ணைக்கு விடுமுறை. நெவென்கா ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு டிரைவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தாள். மாதாவுக்காக வந்தாளா, வண்டிக்காக வந்தாளா என்று நான் கேட்கவில்லை.

பூசை முடிந்து, எல்லோரும் பாட்டில்களில் புனித நீரை நிரப்பிக்கொண்டு நிறுத்துமிடத்துக்கு வந்தால், டிரைவர் டோனல் தரையில் மல்லாந்து கிடக்கிறான். பெட்டி ஒன்றைத் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்து நிற்கவே முடியவில்லை. நாற்பத்தோரு பேர், பாதிப் பேர் எழுபது தாண்டியவர்கள். வண்டியின் முதலாளிக்கு ஃபோன் போட்டால், வேறு டிரைவர் வர நான்கு மணி நேரம் ஆகும் என்கிறார்.

நெவென்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “நான் ஓட்டுவேன்” என்றாள்.

ஃபிலோமினா அவளை மேலும் கீழும் பார்த்தார். “காளான் வண்டி இல்லம்மா இது.”

நெவென்கா பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். அதைப் படமெடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். அவர் காப்பீட்டுக்காரரிடம் பேசி, அவள் பெயரைச் சேர்க்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் அவள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்தையும் காலால் தட்டிப் பார்த்தாள். கன்னம் இரண்டும் சிவந்து போயிருந்தன. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள். இடது பக்கம் அவள் இதுவரை ஓட்டியதே இல்லை.

காலி நிறுத்துமிடத்தில் மூன்று தடவை சுற்றி வந்தாள். நாங்கள் சுவரோரமாய் ஒதுங்கி நின்றோம். மூன்றாவது சுற்றில் கோடு போட்டதுபோல் நிறுத்தி, கதவைத் திறந்தாள். முதலில் ஏறியவர் ஃபிலோமினா. ஏறும்போதே ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார். டோனலை நான்கு பேர் தூக்கி, நடைபாதையில் கோட்டு விரித்துப் படுக்க வைத்தோம்.

அந்த இரண்டு மணி நேரப் பயணத்தை எங்கள் ஊரில் இன்னும் பேசுகிறார்கள். ஃபிலோமினா ஜெபமாலை சொல்ல, நாற்பது பேரும் பதில் சொல்லிக்கொண்டு வந்தோம். ரவுண்டானா வரும்போதெல்லாம் அருள் நிறைந்த மரியே பாதியில் நின்று, வண்டி முழுக்க ஒரே குரலில் “இடது, இடது” என்று கேட்கும். தரையிலிருந்து டோனல், வெளியே எதுவும் தெரியாமலே, வண்டி சாய்கிற சாய்வை வைத்து அடுத்து என்ன வளைவு என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவளுக்கோ அதெல்லாம் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. முதுகு நேராக, கை தளர்வாக, தன் மொழியில் எதையோ மெல்லப் பாடிக்கொண்டு ஓட்டினாள். பால்காரர் வீட்டருகே உள்ள குறுகல் பாலத்தில், டோனலே இரண்டு முறை உரசியிருக்கிற இடத்தில், இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு வழுக்கிக்கொண்டு வந்தாள். வண்டிக்குள் கைதட்டல்.

தேவாலய வாசலில் இறங்கும்போது ஃபிலோமினா அவள் தோளைத் தொட்டார். “இத்தனை நாளா உன்னக் காளானுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தது யாரு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வீட்டுக்கு நடந்தார்.

ஆகஸ்டில் அந்த வண்டி முதலாளியே அவளைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூட வண்டி ஓட்ட வைத்துக்கொண்டார். அவள் பண்ணையிலிருந்து கடைசி நாள் திரும்பி வந்தபோது, மாடிப்படியில் ஏறாமல் தெருவிலேயே ஒரு சுற்று ஆடினாள். எதிர் சாராயக்கடையில் இருந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

ஆனால் ஃபிலோமினாவின் மண்டைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ஒரே தெரு. ஊரைச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் சுற்றிலும் உள்ள சந்துகளின் கடைசியில், சதுப்பு நிலத்துக்கும் ஏரிக்கும் நடுவே தனித்தனி வீடுகளில் இருக்கிறார்கள். கார் ஓட்ட முடியாமல் போன நாளோடு அவர்களை யாரும் பார்ப்பதில்லை. போக்குவரத்து அலுவலகத்துக்கு ஃபிலோமினா பத்தொன்பது கடிதம் எழுதினார். கடைசியில், அடுத்த கோடையில், அவர்கள் இறங்கி வந்தார்கள். பதினாறு சீட் மினி பஸ், செவ்வாயும் வெள்ளியும், பன்னிரண்டு வாரம் சோதனை ஓட்டம்; அந்த இரண்டு நாளும் பள்ளி வண்டியை டோனலிடம் விட்டுவிட்டு நெவென்காதான் ஓட்டுவாள். நடைக்குச் சராசரி எட்டுப் பேர் ஏறினால் தொடரும்; இல்லாவிட்டால் டிசம்பரோடு முடியும்.

அந்தச் செய்தி வந்த அன்று நெவென்கா என் கடைக்கு வந்து, சுவரில் மாட்டியிருந்த வட்டார வரைபடத்தை ஆணியோடு கழற்றிக்கொண்டு போனாள். அடுத்த இரண்டு வாரம் சாயங்காலங்களில் என் பழைய சைக்கிளில் ஒவ்வொரு சந்துக்குள்ளும் போய் வந்தாள். எந்த வீட்டில் யார், எந்த நாய் கடிக்கும், எங்கே வண்டி திரும்ப இடம் இருக்கிறது எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்தாள். இங்கேயே பிறந்து அறுபத்து மூன்று வருடம் ஆன எனக்குத் தெரியாத நான்கு வீடுகள் அவளுக்குத் தெரிந்திருந்தன.

அப்படித்தான் ஜார்லத் கீவ்னியைக் கண்டுபிடித்தாள். ஏரிக்கரைச் சந்தின் கடைசி வீடு. அறுபத்தெட்டு வயது, கல்யாணமாகாதவர். கூட இருந்த அண்ணன் இறந்துவிட்டார். கண் பார்வை குறைந்து லைசென்ஸும் போய்விட்டது. பதினான்கு மாதமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. சாமான்களை வேனில் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருவது நான்தான். அவரோடு இருப்பது ஷெப் என்கிற நாய் மட்டும். நெவென்கா பஸ் விஷயத்தைச் சொன்னதும் அவர் வாசல் கேட்டைத் திறக்காமலே பதில் சொன்னார்.

“நான் என்ன பார்சலாம்மா, ஏத்தி இறக்க?”

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஆனால் வரைபடத்தில் அந்த வீட்டுக்கு ஒரு வட்டம் போட்டாள்.

செப்டம்பரில் முதல் செவ்வாய்க்கிழமை ஊரே தெருவில் நின்றது. பாதிரியார் வண்டிக்கு மந்திரித்தார். பள்ளிப் பிள்ளைகள் காகிதக் கொடி ஆட்டினார்கள். நெவென்கா வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். அன்று பதிமூன்று பேர் ஏறினார்கள். மியூனிக்கிலிருந்து துன்யா ஃபோன் செய்து, வண்டி ஓட்டும்போது அம்மா அழுதாளா என்று என்னைக் கேட்டாள். கத்திப் பாடினாள் என்று சொன்னேன்.

இரண்டாவது வாரம் பத்து. நான்காவது வாரம் ஆறு. ஐந்தாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று பேர். புதுமை தீர்ந்துவிட்டது.

ஃபிலோமினாவிடம் அதற்கும் வழி இருந்தது. மலர்க் குழுப் பெண்கள், பாடகர் குழு, கார் வைத்திருக்கிறவர்கள் எல்லோரையும் முறை வைத்து ஏற்றிவிட்டால் எட்டு என்ன, பதினாறே வரும். என் கடையில் வைத்து இந்தத் திட்டத்தைச் சொன்னார். நான் நல்ல யோசனை என்றேன். நெவென்கா வேண்டாம் என்றாள். அவள் ஃபிலோமினாவை மறுத்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“எங்க ஊர்லயும் கடைசி வாரம் பஸ் நிரம்பி வழிஞ்சுது. எல்லாரும் விடைபெற வந்தவங்க. ஃபோட்டோ எடுத்தாங்க, பூ குடுத்தாங்க. அடுத்த நாள் வண்டி இல்ல. விடைபெற வர்ற பயணி எனக்கு வேணாம். பால் வாங்க வர்ற பயணிதான் வேணும்.”

 அப்படியானால் அந்தப் பயணிகள் ஏன் ஏறவில்லை என்று ஃபிலோமினா கேட்டார். அதைக் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் நெவென்கா.

மூன்று நாளில் திரும்ப வந்தாள். ஒன்பது மணி ரொம்ப சீக்கிரம்; மாட்டுக்குத் தீவனம் போட்டு முடிப்பதற்குள் வண்டி போய்விடுகிறது. படி உயரம், முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற முடியவில்லை. பத்து நிமிடத்தில் கடை வேலை முடிந்துவிடும், மீதி இரண்டு மணி நேரம் மழையில் எங்கே நிற்பது? ஒரு அம்மாள் சொன்ன காரணம், தன் கோட்டு பழசு. இப்படி ஒவ்வொன்றாகத் துண்டுக் காகிதங்களில் தன் மொழியில் எழுதி வைத்திருந்தாள்.

அந்த ஒரு வாரம் நாங்கள் பட்ட பாடு ஒரு கொண்டாட்டம் போல இருந்தது. அலுவலகத்தில் பேசி நேரத்தைப் பத்தரைக்கு மாற்றினார் ஃபிலோமினா. நான் நல்ல பலகையாகப் பார்த்து அறுத்து, அடியில் ரப்பர் ஒட்டி, ஏறுவதற்கு ஒரு துணைப்படி செய்துகொடுத்தேன். பஸ் வருகிற இரண்டு நாளும் பங்கு மண்டபத்தைத் திறந்து, கணப்பு மூட்டி, டீயும் உலர்திராட்சை ரொட்டியும் வைத்து, இரண்டு மேசை சீட்டாட்டம் போட்டார்கள். ‘இருபத்தைந்து’ ஆட்டம் எங்கள் பக்கத்தில் மதம் மாதிரி. பழைய கோட்டு அம்மாளை என்ன செய்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, நெவென்கா தன் கோட்டுகளிலேயே மிகப் பழையதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டப் போனாள். முழங்கையில் ஒட்டுப் போட்ட கோட்டு. அந்த அம்மாள் ஏறினார்.

ஏழாவது வாரம் எட்டுப் பேர். எட்டாவது வாரம் பதினொன்று. சீட்டாட்டத்தில் தோற்றவர்கள், வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்று சவால் விட்டுவிட்டுப் போனார்கள். அதனால் வெள்ளிக்கிழமையும் வந்தே ஆக வேண்டியிருந்தது.

ஜார்லத் விஷயம் மட்டும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு நடையிலும் நெவென்கா அவர் சந்து முனையில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறப்பாள். ஹாரன் அடிக்க மாட்டாள். இரண்டு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்புவாள். வண்டியில் இருப்பவர்களும் அந்த இரண்டு நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டு சந்தைப் பார்ப்பார்கள். முதலில் அவர் வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. பிறகு கேட்டருகே நின்றார். அதன்பின் சந்தின் நடுவரை வந்து, எதையோ மறந்ததுபோல் திரும்பிப் போனார்.

ஒன்பதாவது வாரம் வெள்ளிக்கிழமை, சந்து முனையிலேயே நின்றார். கறுப்பு சூட், டை, சவரம் செய்த முகம். அண்ணனின் அடக்கத்துக்குப் போட்ட அதே சூட் என்று நினைக்கிறேன். பக்கத்தில் ஷெப். அன்று நான் வண்டியின் விளக்கு ஒன்றை மாற்றிவிட்டுக் கூடவே போயிருந்ததால் நடந்ததை நேரில் பார்த்தேன்.

“நாயும் வரலாமா?” என்றார் ஜார்லத். வரக்கூடாது என்று சொன்னால் திரும்பிப் போகத் தயாராக நிற்பது தெரிந்தது.

நெவென்கா நாயைக் குனிந்து பார்த்தாள். “அதுக்கு என்ன வயசு?”

“பதினொண்ணு.”

“நாய்க் கணக்குல?”

ஜார்லத் யோசித்தார். “எழுபத்தேழு ஆகுது.”

“அறுபத்தாறு தாண்டினா இலவசம். ரெண்டு பேரும் ஏறுங்க.”

ஜார்லத் சிரித்து நான் பார்த்துப் பல வருடம் இருக்கும். அன்று மண்டபத்தில் அவர் தொடர்ந்து நான்கு ஆட்டம் ஜெயித்தார். பதினாறு மாதமாக விளையாடாத மனிதர்! ஃபிலோமினாவையே தோற்கடித்தார். அவர் சீட்டை மேசையில் அறைந்த சத்தம் தெருவுக்குக் கேட்டது.

பன்னிரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை, அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்து பயணம் செய்து பார்ப்பார் என்று கடிதம் வந்தது. அந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. சராசரி எட்டுக்கு மேலேதான் இருந்தது. ஆனாலும் நான்காம், ஐந்தாம் வாரங்களின் கணக்கு உதைத்தது. நெவென்கா சொன்னதை மறக்கவில்லை நான். இருந்தாலும் வெள்ளிக்கிழமை காலை கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, பின் சந்து வழியாகப் போய், இரண்டாவது நிறுத்தத்தில் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு ஏறிவிட்டேன். ஒரு தலை கூடினால் நல்லதுதானே. அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கதவை மூடி வண்டியைக் கிளப்பினாள்.

நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஜார்லத் ஏறியபோது பதினைந்து. அடுத்த நிறுத்தத்தில் முழங்கால் வலிக்காரர் ஒருவர் என் படியில் கால் வைத்து ஏறினார், பதினாறு. கடைசி சீட்டும் போயிற்று. வண்டியில் ஒரே கூச்சல், சிரிப்பு. ஊருக்குள் நுழையுமுன் வருகிற கடைசி நிறுத்தத்தில், குடையோடு அந்த அதிகாரி நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதுப் பெண், கையில் கோப்பு. கதவு திறந்தது. உட்கார இடம் இல்லை. நின்றுகொண்டு வர அந்த வண்டியில் அனுமதி கிடையாது.

 ஜார்லத் எழுந்தார். “இந்தப் பொண்ணு உக்காரட்டும். நானும் ஷெப்பும் நடந்து வர்றோம்.”

“நீங்க உக்காருங்க” என்றாள் நெவென்கா. பிறகு கண்ணாடியில் நேராக என்னைப் பார்த்தாள். “ஃபின்டன், உங்களுக்கு வேன் இருக்கு. இறங்குங்க.”

மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடைக்கு இன்னும் ஒன்றரை மைல். நான் எழுந்து, பதினைந்து ஜோடி முழங்கால்களையும் ஒரு நாயையும் தாண்டி முன்னால் வந்தேன். அதிகாரியிடம் நெவென்கா திரும்பி, அவளுக்கே உரிய அந்த நேர்மையோடு, “இவர் பயணி இல்ல. எண்ணாதீங்க. மத்தவங்க எல்லாம் நிஜம்” என்றாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், வண்டிக்குள் பார்த்தாள். கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குடையை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள். கதவு மூடியது. பின் கண்ணாடி வழியாக, வழக்கம்போல அதே வண்டியில் மண்டபத்துக்குப் போகிற ஃபிலோமினா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வது தெரிந்தது. நான் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு நடந்தேன். அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நடக்க நடக்க எனக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. நான் இல்லாமலே வண்டி நிறைந்துவிட்டதே!

நான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி சீட்டாட்ட மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஜார்லத் அவளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் கோப்பு ஷெப்பின் தலைக்கு அடியில் கிடந்தது. சாயங்காலம் கிளம்பும்போது, கணக்கைப் பார்த்துச் சொல்கிறோம் என்று மட்டும் சொன்னாள்.

கடிதம் டிசம்பர் இரண்டாம் வாரம் வந்தது. ஃபிலோமினா அதைப் பிரிக்காமலே என் கடைக்குக் கொண்டுவந்தார். நெவென்காதான் பிரித்துப் படித்தாள். தொடர் சேவை; வாரத்துக்கு நான்கு நாள்; வசந்தத்திலிருந்து இருபத்தொன்பது சீட் வண்டி. அவள் கடிதத்தை இரண்டாம் முறை வாய்விட்டுப் படித்தாள், ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல். பிறகு ஃபிலோமினா டார்ப்பியை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி ஆணிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இறக்கினாள். ஃபிலோமினா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா உன்னக் காளானுக்கே அனுப்பிடுவேன்” என்றார். ஆனால் அன்று முழுக்க அவர் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போகவில்லை.

இப்போது வண்டி வாரத்துக்கு ஆறு நாள் ஓடுகிறது. இரண்டாவது டிரைவராக டோனலின் தம்பியை எடுத்திருக்கிறார்கள். அவனுக்குப் பாடம் சொல்வது நெவென்கா. ஏரிக்கரைச் சந்தில், ஜார்லத் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, காலியாகக் கிடந்த ஓட்டு வீட்டை வாங்கி, கூரை மாற்றி, வாசல் கதவுக்கு பஸ்ஸின் மஞ்சளையே அடித்திருக்கிறாள். பெயின்ட் என் கடையில்தான் வாங்கினாள். வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போவாள், இரண்டு வாரம் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நாளில் திரும்பி வந்துவிடுவாள். துன்யா கோடையில் வருகிறாள்.

போன ஜூன் மாதம் துன்யா வந்திருந்தபோது, நெவென்கா பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் இருபத்தொன்பது பேரையும் ஸ்லைகோ பக்கம் கடலுக்கு அழைத்துப் போனாள். ஜார்லத் கடலைப் பார்த்து முப்பது வருடம் ஆகியிருந்தது. அவளுக்குத் தன் நாட்டுக் கடல் தெரியும், சூடான, அசையாத கடல். இப்படி மலை மாதிரி எழுந்து வருகிற அலையை அவள் பார்த்ததில்லை. வண்டியை நிறுத்திய கையோடு சாவியை ஜார்லத்தின் மடியில் போட்டுவிட்டு, சட்டை பேன்ட்டோடு மணலில் ஓடினாள். துன்யா பின்னால் “அம்மா, அம்மா” என்று கத்திக்கொண்டே ஓடினாள். ஷெப் இருவரையும் முந்தியது.

அலை நெவென்காவைக் கவிழ்த்துப் போட்டது. எழுந்து, முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கிக்கொண்டு, அடுத்த அலையைப் பார்த்து நின்றாள். குளிரில் உதடு நீலமாகியிருந்தது. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஜார்லத் வண்டிக் கதவிலிருந்து சத்தம் போட்டுக் கேட்டார்.

“கொல்லுது” என்று திரும்பிக் கத்தினாள் நெவென்கா. “எல்லாரையும் வரச் சொல்லுங்க!”